லிங்க்கை என் கையில் கொடுக்காதீர்கள்

டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் உடல்நல ஆய்வு செய்ய வருபவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். உங்களில் பலர் என் நம்பரைத் தேடிப் பிடிப்பது அதற்காகத்தான்.

போன செமஸ்டரில் ஓர் ஆய்வுக் குழு, மாதவிடாயும் ரத்தசோகையும் பற்றிய கூகுள் ஃபார்ம் ஒன்றை அனுப்பி, "மேடம், குரூப்ல போட்டு விடுங்க, நூறு பேர் வேணும்" என்றது. போட்டேன். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் மளமளவென்று நிரப்பியதில் எனக்கே பெருமை. அப்புறம் ஒருத்தி தனியாகக் கேட்டாள்: "மேம், ஃபில் பண்ணலன்னா இன்டர்னல்ல கை வைப்பீங்களா?"

ஃபார்மின் தலையில் 'விருப்பமிருந்தால் மட்டும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் அனுப்பியவள் மார்க் போடுகிறவள். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறைகள், தமக்கு மேலே இருப்பவரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாத மாணவர்கள் போன்றோரைத் தனிக் கவனத்துக்குரியவர்கள் என்கின்றன. அன்று அந்த மேலே இருப்பவள் நான்தான்.

அதோடு முடியவில்லை. பெயர், பதிவு எண் எல்லாம் கேட்டிருந்தார்கள். அனுப்பி முடித்ததும் முந்தைய பதில்களைப் பார்க்கச் சொல்லி ஓர் இணைப்பு வந்தது. செட்டிங்ஸில் முடிவுச் சுருக்கத்தைக் காட்டும் பொத்தானை யாரோ போட்டு வைத்திருந்தார்கள். எந்தப் பெயருக்கு எந்தப் பதில் என்று அதில் இல்லைதான். ஆனால் சொந்த வரியில் எழுதியதெல்லாம் அப்படியே கிடந்தது. முப்பது பேர் வகுப்பில், "அம்மா இல்லை, பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார்" என்று எழுதியவள் யாரென்று தெரியாதா? லிங்க்கை நான் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் போய்விட்டது.

சமூக ஊடகமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குடவாசலுக்கும் வலங்கைமானுக்கும் பஸ் பிடிக்க ஓடுகிற பிள்ளை நோட்டீஸ் போர்டைப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் ஏறியதும் இன்ஸ்டாவைப் பார்க்கிறாள். அங்கே போங்கள். உங்கள் சொந்தப் பக்கத்திலிருந்து, நல்ல தமிழில் ('தங்கள் சம்மதத்தைச் சமர்ப்பிக்கவும்' தமிழில் அல்ல), நீங்கள் யார், எந்த நிறுவனம், எத்தனை நிமிடம் ஆகும், பதில்களை யார் பார்ப்பார்கள், சேராவிட்டால் ஒன்றும் ஆகாது என்பதைச் சொல்லுங்கள். கமென்டை மூடிவிடுங்கள். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) பற்றிய பதிவுக்குக் கீழே தோழியை டேக் செய்து "இது உனக்குத்தான்டி" என்று ஒருத்தி எழுதினால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். நெறிமுறைக் குழுவினர் ஆய்வுத் திட்டத்தோடு அந்த விளம்பரப் படத்தையும் வரிக்கு வரி பாருங்கள். முதலாண்டில் பலருக்குப் பதினேழு வயதுதான்; அவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும். இன்ஸ்டாவில் போட்ட பிறந்த வருஷத்தை நம்பாதீர்கள்.

இன்னொன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. என் வகுப்பில் வெளிறிய முகத்தோடு உட்கார்ந்திருக்கும் சிலரிடம் சொந்தப் போன் கிடையாது. அண்ணன் வேலைக்குப் போய்த் திரும்பினால்தான் போன். அந்தப் போனில் மாதவிடாய் பற்றி யார் பதில் எழுதுவாள்? லிங்க்கில் வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டுக் கட்டுரைக்கு 'டெல்டா மாணவிகள்' என்று தலைப்பு வைக்காதீர்கள்.

இனி எந்த லிங்க்கையும் குரூப்பில் போட மாட்டேன். நேரில் வாருங்கள், பிரின்சிபாலிடம் அனுமதி வாங்கி ஒரு மணி நேரம் எடுத்துத் தருகிறேன். நீங்கள் பேசும்போது நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். யார் சேர்ந்தார்கள், யார் சேரவில்லை என்று என்னிடம் சொல்லவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வகுப்பாசிரியை