ஹெரால்டின் பின்பக்கத்தை வெட்ட விடாதே

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்கான வசவுகளை நேரில் வரும்போது வைத்துக்கொள். இப்போது தலைபோகிற காரியம் ஒன்று இருக்கிறது. மாமாவின் பழைய ஹெரால்டு கார் தோட்டத்துச் சாளையை விட்டுக் கிளம்பிப் பவானிப் பட்டறைக்கு வந்துவிட்டது. பழைய பெயிண்டை எல்லாம் சுரண்டியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து உன் தம்பி, பின்மட்கார்டின் கூர் முனைகள் இரண்டையும் அறுத்தெடுத்துவிட்டு, இந்தக் காலத்து வண்டிகளில் இருப்பதைப் போல எல்.இ.டி. விளக்குப் பட்டை ஒன்றைக் குறுக்கே பதித்துத் தரும்படி மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறான். ஆர்.சி. உன் பெயரில் இருப்பதால் நீ ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும். நான் சொன்னால், "மச்சான், உங்களுக்குப் பழசு என்றாலே உசத்தி" என்று சிரிக்கிறான்.

பழசு என்பதற்காக நான் மல்லுக்கட்டவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியைக் கிளப்பி, பெருந்துறை மேட்டில் நாம் 'ரேடியேட்டர்' என்று பட்டப்பெயர் சொல்லும் வாத்தியாரை இறங்கித் தள்ள வைத்தவன் யார் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லாமல் காப்பாற்றி வரும் எனக்கு, அந்த வண்டியைப் பற்றிய பக்தி எதுவும் கிடையாது. ஆனால் போன வாரம் பட்டறையில் மேஸ்திரி காட்டிய ஒரு காரியம் என்னைத் தூங்கவிடவில்லை. பட்டி போட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்து, சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடந்த பக்கவாட்டுத் தகட்டின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். தகடு நனைந்து பளபளத்த அந்தச் சில நொடிகளில், மேலே தொங்கிய டியூப்லைட் வெளிச்சம் வெள்ளைக் கோடாகக் கதவின் மேல் படிந்து, பின்மட்கார்டின் முதுகில் ஏறி, அந்தக் கூர் முனையில் போய் முடிந்தது. கதவைத் தாண்டியதும் ஓரிடத்தில் மட்டும் கோடு லேசாக நெளிந்தது. "இங்க இன்னும் பள்ளம் இருக்குதுங்க, கைக்குத் தெரியாது, வெளிச்சத்துக்குத் தெரியும்" என்றார்.

அமெரிக்கக் கார் வடிவமைப்பு ஸ்டுடியோக்களில் களிமண் மாதிரிகளின் மேல் செய்ததும் இதே சோதனைதான். களிமண்ணுக்கு மினுக்கம் கிடையாது என்பதால் அதன்மேல் மெல்லிய படலத்தை ஒட்டி, வெளிச்சம் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துத் திருத்துவார்கள். 1955இல் வெளிவந்த சித்ரோயென் டி.எஸ். காருக்கு உருவம் கொடுத்த ஃபிளாமினியோ பெர்த்தோனி ஒரு சிற்பி என்பதில் எனக்கு வியப்பே இல்லை. கார் வடிவமைப்பைக் கலை என்று சொன்னால் நீ கிண்டல் செய்வாய் என்று தெரியும், செய்துகொள்.

நம் வண்டியின் கோட்டைப் போட்டவர் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்ததுதான் பிறகு சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. உடலை முழுக் கூடாக அடித்துத் தருவதற்கு அங்கே ஆள் அமையாததால், தனித்தனித் துண்டுகளாகச் செய்து அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு இணைக்கும் ஏற்பாட்டுக்கு அந்தக் கம்பெனி தள்ளப்பட்டது. அந்த நெருக்கடிக்குள் உட்கார்ந்து வரைந்த மனிதர், துண்டு துண்டான ஒரு வண்டியைப் பார்ப்பவருக்கு ஒரே இழுப்பில் இழுத்தது போலத் தோன்ற வைத்தார். முன்மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறக்குமே, மாமா டயரின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து பிளக்கைக் கழற்றுவாரே, அந்த வசதியும் இந்த ஏற்பாட்டில் வந்ததுதான். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரும் பி.எம்.டபிள்யூ. 700ம் இதே கையின் வேலை.

அந்தக் கூர் முனைக்கு அமெரிக்காவில் ஒரு தாத்தா உண்டு. ஹார்லி ஏர்லின் தகப்பனார் குதிரை வண்டி கட்டியவர், பிறகு கார்களுக்குப் பாடி கட்டியவர். நம் பக்கத்தில் கரூர் பஸ்ஸுக்கும் நாமக்கல் லாரிக்கும் பாடி கட்டுகிறார்களே, அந்த இனம். அந்தப் பட்டறையில் வளர்ந்த ஏர்ல் 1927இல் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய், வடிவமைப்புக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். பி-38 என்ற போர் விமானத்தின் இரட்டை வாலில் மனம் பறிகொடுத்து, அதன் சாயலை 1948 கேடிலாக் காரின் பின்பக்கத்தில் முளைக்க வைத்தார்கள். 1959 கேடிலாக்கில் அது வளர்ந்து நின்ற உயரம் கேலிக்கூத்து என்பதே என் எண்ணம். ரசனை மிக்கவர்களும் கைதட்டல் கேட்டால் நிதானம் இழந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவுக்கு வந்தபோது அந்த மோகம் இளைத்துவிட்டது. ஹெரால்டில் விளக்கைத் தாங்கும் அளவுக்கு, நம்மூர் பிரீமியர் பத்மினி காரில் இருப்பது தெரியும் அளவுக்கு.

இவ்வளவையும் உன் தம்பியிடம் சொன்னேன். அவன் முட்டாள் இல்லை, "ஏர்ல் வருடா வருடம் காரின் உருவத்தை மாற்றினாரே மச்சான், நான் ஒரு முறை மாற்றினால் என்ன குற்றம்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போன வருடத்து வண்டியைப் பழசாகக் காட்டிப் புதியதை விற்கும் வியாபாரத் தந்திரம் அதில் இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் மாற்றியபோது மூக்கிலிருந்து வால் வரை யோசித்து மாற்றினார்கள். இவன் வாலை மட்டும் அறுக்கிறான். முன்விளக்கில் புறப்பட்டு வரும் கோடு பின்னால் போய் முடிய இடமில்லாமல் நின்றுவிடும். வேண்டுமானால் பழைய சிவப்புக் கண்ணாடிக்குள்ளேயே எல்.இ.டி. பல்பை மாட்டட்டும், சீட்டை மாற்றட்டும், ஏ.சி.கூட வைக்கட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். தகட்டில் அரம் படக் கூடாது. கோவை அவினாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய், வரிசையாக நிற்கும் வண்டிகளின் பின்பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டு வரும்படி சொல்லியிருக்கிறேன். போவான் என்ற நம்பிக்கை பாதிதான்.

மேஸ்திரி நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு வாரம் கையை நிறுத்தி வைத்திருக்கிறார். அடுத்தடுத்து வண்டிகள் காத்திருப்பதால் அதற்கு மேல் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. எனவே கடிதம் கண்டதும் தம்பிக்குப் போன் செய். அதட்டாதே, வீம்புக்காகவே அறுத்துவிடுவான். உங்கள் அக்கா கல்யாண ஆல்பத்தில் பெண்ணழைப்புக்கு அந்த வண்டி வந்து நிற்கும் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்குமே, அதையும் எடுத்து அனுப்பு. நிறம் தெரியாவிட்டாலும், பக்கவாட்டுக் குரோமியப் பட்டை எந்த இடத்தில் முடிகிறது என்று அதைப் பார்த்தால்தான் மேஸ்திரி துளை போடுவார்.

அன்புடன்,
உன் மச்சான்