போலீஸ் காரை மைதானத்துக்கு வரவழைத்த கோச்

லான்சிங், மிச்சிகன்
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பட்டாளத்தில் இத்தனை வருடம் இருந்துவிட்டு வந்து, ஓய்ந்து உட்காராமல் கல்லூரிப் பையன்களுக்கு வேகப்பந்து சொல்லிக்கொடுக்கிறாயே, அதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. "ஆள் இருக்கு, ஆசை இருக்கு, சாமான்தான் ஒண்ணுமில்ல" என்று எழுதியிருந்தாய். ஒரு மழை பெய்தால் மூன்று நாள் மைதானம் சேறு, வேகம் அளக்கும் கருவி கேட்டால் பதிலே இல்லை என்றும் சொல்லியிருந்தாய். படித்து முடித்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் டேனி லிட்வைலர் என்ற பேஸ்பால் கோச்.

நான் சாயங்காலம் நடக்கப் போகும் வழியில், ரெட் சீடர் ஆற்றங்கரையில், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானம் இருக்கிறது. 1964 முதல் 1982 வரை அங்கே அவர்தான் கோச். அதற்கு முன்னால் 1955 முதல் 1963 வரை ஃபுளோரிடா ஸ்டேட்டில். பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் ரிங்டவுன் என்ற சின்ன ஊர்க்காரர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். அந்த வாத்தியார் குணம் கடைசிவரை போகவில்லை.

ஆட்டக்காரராக அவர் எப்படி என்று ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், போதும். 1942-இல் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணி 109 ஆட்டம் தோற்றது. அத்தனை மோசமான அணியில், எல்லைப் பக்கம் நின்று 151 ஆட்டம் ஆடி, ஒரு கேட்ச் விடாமல், ஒரு த்ரோ பிசகாமல் சீசனை முடித்தார். பெரிய லீக்கில், அதாவது அமெரிக்காவின் முதல்தர பேஸ்பாலில், 150 ஆட்டத்துக்கு மேல் ஆடி, கணக்கில் ஒரு பிழைகூட இல்லாத முதல் அவுட்ஃபீல்டர் (எல்லைப் பக்கம் நிற்கிறவர்) அவர்தான். அவர் போட்டிருந்த க்ளவுஸ் இப்போது கூப்பர்ஸ்டவுனில், ஹால் ஆஃப் ஃபேம் என்கிற பேஸ்பால் மியூசியத்தில் இருக்கிறது. தோற்றுக்கொண்டே இருக்கிற அணியில் நூற்றைம்பது ஆட்டம் கவனம் சிதறாமல் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது, எதுவும் நடக்காத இரவுகளில் சென்ட்ரி நின்ற உனக்குத் தெரியும்.

பட்டாளக் கதையும் உண்டு. முழங்காலில் காயம் இருந்ததால் ராணுவம் முதலில் அவரை எடுக்கவில்லை. 1944 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக, உலகத் தொடர் என்கிற இறுதிப் போட்டித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தார், அணி கோப்பை வாங்கியது. அந்த டிசம்பரில்தான், தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட விளையாட்டுக்காரர்களை மறுபடி பரிசோதிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. ஓடியாடி விளையாடுகிறவனுக்குப் பட்டாளத்துக்கு மட்டும் கால் வலிக்குமா என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். 1945 சீசன் முழுக்க அவர் ராணுவத்தில் இருந்தார். 28 வயது, ஆட்டக்காரனின் நல்ல காலம். திரும்பி வந்த 1946-இல் கார்டினல்ஸ் அவரை பாஸ்டன் அணிக்கு விற்றுவிட்டார்கள். 1951 வரை ஆடினார், அப்புறம்தான் கோச்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். 1974-இல் மாணவர் பத்திரிகையில் ஒரு செய்தி பார்க்கிறார். வளாகத்தில் வேகமாகப் போகும் கார்களைப் பிடிக்கப் போலீஸ் ரேடார் துப்பாக்கி வாங்கியிருக்கிறது என்று. நூறு பேர் படித்திருப்பார்கள். இவருக்கு மட்டும், இது காரை அளக்குமென்றால் பந்தை அளக்காதா என்று தோன்றியது. போலீஸிடமே போய்க் கேட்டார். அவர்களும் மைதானத்துக்கே வந்தார்கள். காரில் சிகரெட் பற்றவைக்கும் துளை இருக்குமே, அதில் ஒயரைச் செருகி மின்சாரம் எடுத்து, பிட்சர்களை, அதாவது பந்து வீசுகிறவர்களை, போடச் சொல்லி அளந்தார்கள். பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தை வைத்து வேகத்தைச் சொல்கிற கருவி அது. எண் வந்தது. ஆனால் கார் அளவுக்குப் பந்து பெரிதில்லை. அதனால் பந்து வீசும் மெஷின் செய்கிற ஜக்ஸ் கம்பெனிக்கு எழுதி, பேஸ்பாலுக்கென்றே ஒன்று செய்யச் சொன்னார். அந்த முதல் துப்பாக்கியும் இன்று கூப்பர்ஸ்டவுனில்தான்.

மாப்ள, ஈர மைதானத்துக்கும் அவர் வழி கண்டுபிடித்திருந்தார். தண்ணீரை உறிஞ்சும் ஒரு பொடி, 'டயமண்ட் கிரிட்' என்று பெயர். பிட்சர் தன் கை போகும் விதத்தைத் தானே பார்க்கட்டும் என்று பந்து பட்டாலும் உடையாத கண்ணாடி வேறு. பணம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

போன வாரம் இங்கே ஓர் ஆட்டம் பார்த்தேன். குளிரில் பையன்கள் உள்ளங்கையில் ஊதி ஊதிப் போட்டார்கள். வலைக்குப் பின்னால் மூன்று பேர் ரேடார் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பந்தை விட்டதும் அதைப் பிடிக்கிற கேட்சரைப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்பிப் பலகையில் எண்ணைத்தான் பார்த்தான். ஒவ்வொரு பந்துக்கும் அப்படியே. எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. வேகப்பந்துக்கும் மெதுபந்துக்கும் எவ்வளவு இடைவெளி, எத்தனையாவது பந்தில் கை சோர்கிறது, இதைத் தெரிந்துகொள்ளத்தானே கோச்சுக்கு அந்த எண்? பையன்கள் அதைத் துரத்திக்கொண்டு தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். உனக்குக் கருவி கிடைத்தாலும் எண்ணை நீ மட்டும் நோட்டில் எழுதிக்கொள், பையன்களிடம் காட்டாதே.

லிட்வைலர் கையில் வளர்ந்தவர்களைச் சொல்லாமல் விட முடியாது. ஃபுளோரிடாவில் டிக் ஹவுசர், பின்னாளில் 1985-இல் கான்சஸ் சிட்டி ராயல்ஸை உலகத் தொடர் ஜெயிக்க வைத்த மேனேஜர். இங்கே ஸ்டீவ் கார்வி, பின்னாளில் பெரிய லீக்கில் பேர் வாங்கிய ஆட்டக்காரர். கிர்க் கிப்சன் இங்கே அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தவர், 1978-இல் ஒரே ஒரு சீசன் பேஸ்பால் ஆடி 16 ஹோம் ரன் அடித்தார். பத்து வருடம் கழித்து, உலகத் தொடரில், இரண்டு காலிலும் அடிபட்டு நொண்டிக்கொண்டே வந்து அவர் அடித்த ஹோம் ரன்னை இந்த ஊரில் இன்னும் பேசுகிறார்கள். லிட்வைலர் 2011-இல், 95 வயதில் காலமானார்.

உன் இடதுகைப் பையன் பந்து போடுவதைப் பக்கவாட்டில் நின்று கைபேசியில் எடுத்து அனுப்பு. முன்கால் ஊன்றும் இடம் தெரிய வேண்டும், இடுப்புக்குமேல் மட்டும் எடுக்காதே. எத்தனை ஃப்ரேமில் பந்து அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது என்று எண்ணினால் வேகம் ஓரளவு கணக்கில் வந்துவிடும், நான் போட்டு அனுப்புகிறேன். தங்கச்சி முட்டிக்கு எண்ணெய் தடவச் சொன்னால் கேட்டுத் தடவிக்கொள், அந்தக் காலோடு மைதானத்தைச் சுற்றி ஓடாதே. மழைக்காலத்தில் பிட்ச் பக்கம் எவ்வளவு அகலத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று அளந்து எழுது.

உன் பழைய அறைத்தோழன்