பிரெஞ்சுச் சிவப்பு ஒயினை அறிய விரும்புவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் வீட்டில் தயாரிக்கும் இனிப்பான ஒயினையே ருசித்துப் பழகியவர்கள், பிரெஞ்சுச் சிவப்பு ஒயினின் துவர்ப்பில் முகம் சுளித்து, முதல் வாயோடு அதை ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தத் துவர்ப்பு திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள் தருவது. பால் சேர்க்காத நம் மலைத் தேநீரும் நாக்கை அப்படித்தான் பற்றும். கபர்னே சோவிஞ்ஞோன், மெர்லோ திராட்சைகளைக் கலந்து செய்யும் போர்தோ வட்டார ஒயினில் அது மிகுதி என்பதால், புதியவர்கள் காமே திராட்சையில் செய்யும் மென்மையான போஜொலே வட்டார ஒயினில் தொடங்குவதே நல்லது என்பேன். போர்தோவை 16 முதல் 18 டிகிரியில் பருக வேண்டும். குன்னூரின் குளிர்கால இரவில் அறை அதைவிடக் குளிர்ந்துவிடுவதால், கோப்பையை உள்ளங்கைகளில் சற்று நேரம் பொத்தி வைத்த பிறகே மணம் எழுகிறது. புட்டியில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இராது, விளைந்த ஊரின் பெயரே இருக்கும். பர்கண்டி வட்டாரச் சிவப்பு ஒயின் என்றால் பெரும்பாலும் பீனோ நுவார் திராட்சை என்று கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்