லாடம் அடித்தவர் கொடுத்த புத்தகம்

அன்புள்ள கண்மணிக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில், "வேலைக்கே நேரம் சரியா இருக்குப்பா, புத்தகத்தைத் தொட்டு ஆறு மாசமாச்சு" என்றாய். ராத்திரி முழுக்க அதுவே மனசில் ஓடியது. உன் எடின்பரோவில் நடமாடிய ஒருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759இல் அங்குள்ள அலோவே கிராமத்தில், அவர் அப்பா தன் கையாலேயே கட்டிய மண்சுவர் வீட்டில் பிறந்தவர். குத்தகை விவசாயம். பதினைந்து வயதிலேயே பண்ணை வேலையில் பெரும்பங்கு அவர் தலையில். ஸ்காட்லாந்தின் விடுதலைக்குப் போராடிய வீரர் வில்லியம் வாலஸின் வரலாறு அவருக்கு யாரிடமிருந்து கிடைத்தது தெரியுமா? வீட்டுக் குதிரைகளுக்கு லாடம் அடித்த கொல்லரிடமிருந்து! அதுவும் பழங்கால கார்த்தேஜ் தளபதி ஹானிபலின் வரலாறும் கொடுத்த இன்பத்தைப் பிறகு எந்தப் புத்தகமும் கொடுக்கவில்லை என்று 1787இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பாட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் கூடவே இருக்குமாம். வண்டி ஓட்டும்போதும் வயலுக்கு நடக்கும்போதும் ஒவ்வொரு பாட்டாக, ஒவ்வொரு அடியாகப் படித்து, எது மனசிலிருந்து வந்தது, எது வெறும் பகட்டு என்று பிரித்துப் பார்ப்பாராம். அவர் கவிதை கற்ற இடம் அந்த வண்டிதான் என்று நான் நம்புகிறேன்.

ஏர் முனையில் கூடு கலைந்துபோன சுண்டெலியிடம் மன்னிப்புக் கேட்டு 1785இல் ஒரு கவிதை எழுதினார். எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நடுவில் எழுதுவதையே ஏறக்குறைய விட்டிருந்தார். ராபர்ட் ஃபெர்குசன் என்ற கவிஞர் ஸ்காட்லாந்து மக்களின் ஸ்காட்ஸ் மொழியில் எழுதிய கவிதைகளைப் படித்த பிறகுதான் மறுபடி எழுத உட்கார்ந்தார். 1786இல் கில்மார்னக்கில் முதல் தொகுப்பு, 612 பிரதிகள். ஒரு மாதத்திலேயே கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. அந்தப் புகழோடு எடின்பரோ வந்தவர் ஃபெர்குசனின் கல்லறையைத் தேடிப் போனார். 24 வயதில் இறந்த அந்தக் கவிஞருக்கு ஒரு கல்கூட இல்லை. அனுமதி கேட்டு எழுதி, தன் செலவிலேயே கல் நாட்டினார். அதில் இருக்கும் நான்கு வரிகளும் பர்ன்ஸ் எழுதியவை. 37 வயதில் அவரும் போய்விட்டார்.

அந்தக் கல் கேனன்கேட் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்விட்டு வாம்மா. அங்கேயே நின்று அந்த நான்கு வரிகளையும் வாசித்து, வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. உன் குரலில் கேட்கவேண்டும் எனக்கு.

அன்புடன்,
அப்பா