வரலாற்றுக்கு ஒரு டிரங்குப் பெட்டி

பள்ளிக்கல்வியில் சமூக அறிவியலுக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கும், பாடநூல் எழுதும் குழுவினருக்கும், பள்ளிகளுக்குப் பொருள் வாங்கித் தருகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. 19 வருடமாக வரலாறு நடத்துகிறேன். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க வரலாற்றுச் சான்றுகள் அடங்கிய ஒரு பெட்டியைப் பள்ளிகளுக்குக் கேட்டு எழுதுகிறேன். இந்த மடலை என்னை எழுத வைத்தது ஒரு தராசு.

போன வருடம் பத்தாம் வகுப்பில் காலனி ஆட்சி பற்றிய பாடம் போய்க்கொண்டிருந்தது. பேச்சு தாது வருஷப் பஞ்சத்துக்கு வந்தது. 1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுருட்டிப்போட்ட பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, அறிவியல் ஆய்வகத்தில் தராசைக் கேட்டு வாங்கினேன். சத்துணவுக் கூடத்து அக்காவிடம் கொஞ்சம் அரிசி கடன் சொன்னேன். மேசை மேல் செய்தித்தாளை விரித்து, இரண்டு குவியல் நிறுத்து வைத்தேன். ஒன்று 450 கிராம். இன்னொன்று 680 கிராம்.

முதல் குவியல், வைஸ்ராய் லிட்டன் அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் நிர்ணயித்தது. நிவாரண வேலைக்கு வந்து நாள் முழுக்க மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா காசு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. இரண்டாவது குவியல், மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் கேட்டது. ஒன்றரைப் பவுண்டாவது கொடுங்கள், கூடவே பருப்பும் காய்கறியும் கொடுங்கள், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று வாதாடினார் அவர்.

பிள்ளைகள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவன் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “நமக்கு மத்தியானத்துக்கு 150 கிராம்னு அக்கா சொல்லுவாங்க. அப்ப இது மூணு வேளைக்குச் சரியாப் போச்சே டீச்சர்” என்றான். பின்வரிசையிலிருந்து உடனே பதில் வந்தது: “டேய், நீ பெஞ்சுல உக்காந்திருக்க. அவங்க வெயில்ல கால்வா வெட்டினாங்கடா.” பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கும் பகுதி அந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது என்று சற்று முன்தான் சொல்லியிருந்தேன். அப்புறம் ஒரு பெண் கேட்டாள்: “ரெண்டு பேருமே வெள்ளைக்காரங்கதானே டீச்சர், ஏன் ஆளுக்கு ஒரு கணக்கு?”

நான் அப்படியே நின்றுவிட்டேன். ‘ஆங்கிலேயர்’ என்று ஒரே ஆளாகப் பேசிப் பேசிப் பழகிய வாய் எனக்கு. அரசாங்கம் என்பது ஒரே மூளை இல்லை, உள்ளுக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது, அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பதைப் பொறுத்து எத்தனையோ உயிர் போயிருக்கிறது, இருந்திருக்கிறது. இந்த ஒரு கேள்வியை என் வகுப்பில் வரவழைக்க ஒரு கிலோ சொச்சம் அரிசி தேவைப்பட்டிருக்கிறது. (அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். செய்தித்தாளில் சிந்தியதை மட்டும் காக்கைக்குப் போட்டோம்.)

உங்களிடம் நான் கேட்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. விளக்கம் எங்களுக்குப் போதுமான அளவு இருக்கிறது. பாடப்புத்தகம் விளக்குகிறது, நோட்ஸ் விளக்குகிறது, பக்க ஓரத்து க்யூஆர் கோடுக்குப் பின்னால் இருக்கும் வீடியோவும் விளக்குகிறது. நான் வேறு நாள் முழுக்க விளக்குகிறேன். பிள்ளைகள் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, சந்தேகப்பட ஒரு சான்றும் இல்லை. அறிவியலுக்கு ஆய்வகம் இருக்கிறது. அமிலத்தை ஊற்றாமல் லிட்மஸ் நிறம் மாறும் என்று மனப்பாடம் செய்யச் சொன்னால் சிரிப்போம். வரலாற்றை மட்டும் அப்படித்தான் நடத்துகிறோம்.

எங்கள் பள்ளியில் வரலாற்றுக்கென்று இருப்பவை: துணியில் ஒட்டிய நான்கைந்து வரைபடங்கள், தலைவர்கள் படம், ஒரு பூகோள உருண்டை. வரைபடங்களில் ஒன்று சோவியத் யூனியன் இன்னும் உடையாத காலத்தது. அதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள், நான் ஒளித்து வைத்துக்கொண்டேன். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம் நடத்தும்போது அதையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, என்னென்ன மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். பழைய வரைபடம் காலாவதியான பொருள் என்று ஸ்டாக் ரிஜிஸ்டர் சொல்லலாம், எனக்கு அது ஆவணம். தயவுசெய்து பழைய வரைபடங்களைக் கழித்துக்கட்டச் சொல்லும்போது வரலாற்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

சரி, சான்று கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம். குடவோலை முறை, அதாவது பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, அதிலிருந்து எடுத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது. சோழர் காலத்து மக்களாட்சி என்று எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற பாடம். உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919ஆம் ஆண்டுடையதும் 921ஆம் ஆண்டுடையதும் இருக்கின்றன. அதில் வேட்பாளருக்கு என்ன தகுதி வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருக்கிறது. இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டி இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும், வாரியத்தில் (ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது, அவனுடைய சொந்தக்காரனும் கூடாது.

இதை நான் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். “உங்கள் வீட்டில் யார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம், பாருங்கள்” என்றேன். 38 பேர் உட்கார்ந்திருந்த வகுப்பு. நிலத்திலேயே பாதிப் பேர் கழன்றார்கள். வேதத்தில் எல்லோரும் கழன்றார்கள். அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை, ஊர் மக்கள் எல்லோருடைய சபையும் இல்லை என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. “அம்மா பேரு?” என்று ஒரு பெண் கேட்டாள். தாளை மறுபடி படித்துப் பார்த்து அவளே உதட்டைப் பிதுக்கினாள்.

இதனால் பெருமை குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதே கல்வெட்டில் ஓலை எடுக்கிற முறையும் இருக்கிறது. விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். ஏன் விரலை விரிக்கச் சொன்னார்கள் என்று கேட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, “ஓலையை மாத்திடக் கூடாதுன்னு!” என்று நாலைந்து குரல். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவன் கள்ள ஓட்டுப் போட்டிருக்கிறான், அதனால்தான் இந்த விதி வந்திருக்கிறது என்றான் ஒரு பையன். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அவன் யோசித்த விதம் சரி. தகுதிப் பட்டியல், கணக்குக் காட்டாதவன் மேல் கோபம், விரித்த விரல், இவ்வளவையும் ஒரே சுவரில் பார்த்த பிள்ளை ‘மக்களாட்சி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காது.

ஆகவே என் கோரிக்கை ஒரு டிரங்குப் பெட்டி. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் ஒன்று. பூட்டுப் போட்ட, கறையான் ஏறாத இரும்புப் பெட்டி. அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கல்வெட்டு மைப்படிகளின் (கல் மேல் தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் படிகளின்) அசல் அளவு அச்சுப்பிரதிகள் வேண்டும். புகைப்படத்தைச் சுருக்கிப் புத்தகத்தில் போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிகிறது. மைப்படிக்குக் கீழே எழுத்துக்கு எழுத்து இன்றைய வடிவம், அதற்குக் கீழே எளிய உரை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று சில சொற்கள்தான். ஆநிரை கவர்தலைத் தமிழ்ப் பாடத்தில் வெட்சித்திணை என்று படிக்கிற பிள்ளைக்கு, அதில் செத்துப்போன ஒருவனின் பெயரைக் கல்லில் காட்டினால் தமிழாசிரியருக்கும் சேர்த்து உதவியாக இருக்கும்.

பானை ஓடுகளின் மாதிரிகள் வேண்டும். கருப்பு-சிவப்பு ஓடு ஒன்று, கீறல் குறியுள்ளது ஒன்று, தமிழி (தமிழ் பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்து) உள்ளது ஒன்று. கீழடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். 2023இல் திறந்த அருங்காட்சியகம், நன்றாக இருக்கிறது, ஆனால் கண்ணாடிக்குப் பின்னால்தானே இருக்கிறது. திரும்பி வந்ததும் குயவர் வீட்டிலிருந்து உடைந்த ஓடுகளை வாங்கிவந்து, ஆணியால் அவரவர் பெயரைக் கீறச் சொன்னேன். வளைவே வரவில்லை, ஆணி வழுக்கிக்கொண்டு போனது. நேர்கோடு மட்டும் வந்தது. தமிழியில் ஏன் இவ்வளவு நேர்கோடு என்ற பேச்சு அதிலிருந்துதான் ஆரம்பித்தது. கீழடி ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறிய ஆளுக்கும் கை வலித்திருக்கும் என்றாள் ஒருத்தி.

தமிழில் எழுதிய பழைய ஆவணங்களின் பக்கங்கள் வேண்டும். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததைப் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதினார். கர்நாடகப் போர்களைத் துப்ளேயும் கிளைவும் ஆடிய சதுரங்கமாக மட்டும் நடத்தாமல், பக்கத்தில் நின்று பார்த்த ஒரு தமிழர் என்ன எழுதினார் என்று படிக்க இரண்டு பக்கம் போதும். 1801இல் மருது சகோதரர்கள் திருச்சிக் கோட்டையிலும் சீரங்கம் கோயிலிலும் ஒட்டவைத்த அறிக்கையின் முழு வாசகமும் அப்படியே வேண்டும். சுருக்கம் வேண்டாம்.

உலக வரலாற்றுக்கும் நம் பக்கத்துச் சான்றிலிருந்தே வழி இருக்கிறது. முதல் உலகப்போர் என்றால் சரயேவோவில்தான் தொடங்க வேண்டுமா? “அவன் பெரிய எம்டன்” என்று உங்கள் ஆச்சி யாரையாவது திட்டியதுண்டா என்று கேட்டுத்தான் நான் ஆரம்பிப்பேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. குண்டு விழுந்த இடத்தில், உயர் நீதிமன்ற மதிலில், ஒரு பலகை இருக்கிறது. அந்தப் பலகையின் படம், மறுநாள் செய்தித்தாளின் ஒரு பக்கம், கப்பல் போன வழியைக் காட்டும் வரைபடம். மூன்று தாள், ஒரு முழுப் பீரியடு ஓடும்.

இதெல்லாம் புதிதாகத் தேட வேண்டியவை இல்லை. தொல்லியல் துறை மாவட்ட வாரியாகக் கல்வெட்டுகளை வெளியிட்டிருக்கிறது, எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் படமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு ஆசிரியரும் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து தேடி, சொந்தக் காசில் ஜெராக்ஸ் எடுப்பதைவிட, விவரம் தெரிந்த பத்துப் பேர் ஒருமுறை உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு மட்டும் சேருங்கள்: எங்கே கிடைத்தது, யார் எழுதியது, எதை இதிலிருந்து சொல்ல முடியாது. மூன்றாவது ரொம்ப முக்கியம். சமூக அறிவியல் நடத்தும் எல்லோரும் வரலாறு படித்தவர்கள் இல்லை. என் சக ஆசிரியை புவியியல் பட்டதாரி. என்னைவிட நன்றாக நடத்துவார், கையில் பொருள் இருந்தால்.

ஊர்க் கோயிலுக்கும் ஏரிக்கரைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தெளிவான அனுமதி முறையும் ஒரு பக்க வழிகாட்டியும் வேண்டும். எழுத்து தெரியட்டும் என்று கல்வெட்டில் மாவு தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தடவக் கூடாது, பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே எழுத்து தெரியும் என்று சொல்ல யாராவது வேண்டும்.

“ஸ்மார்ட் போர்டு கொடுத்திருக்கிறோமே” என்பீர்கள். நல்லது, படம் காட்ட உதவுகிறது. ஆனால் திரையில் ஓடும் படத்தை 38 பேர் சேர்ந்து வேடிக்கைதான் பார்க்க முடியும், சண்டை போட முடியாது. ஒரு தாளை நான்கு பேருக்கு நடுவில் வைத்தால் ஐந்தாவது நிமிடம் சண்டை வரும்.

கடைசியாகத் தேர்வு. பெட்டி வந்தாலும், பொதுத்தேர்வில் பொருத்துக, காலக்கோடு, வரைபடம், குறுவினா என்றே கேள்வி வந்துகொண்டிருந்தால் பெட்டியின் மேல் தூசிதான் படியும். ஜனவரி வந்தால் ரிவிஷன் டெஸ்ட், நானே திறக்க மாட்டேன், பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி போதும். பிள்ளைகள் முன்பின் பார்த்திராத ஒரு சான்றை, நான்கு வரிக் கல்வெட்டோ ஒரு பழைய விளம்பரமோ, கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று கேளுங்கள். அடுத்த வருடமே எல்லாப் பள்ளியிலும் பெட்டி திறந்திருக்கும். டியூஷன் சென்டர்காரர்கள்கூட ஒரு பெட்டி கேட்பார்கள்.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் ஒன்றியத்துக்கு ஒன்று வைத்துச் சுற்றுக்கு விடுங்கள். முதலில் சோதித்துப் பார்க்க ஒரு பள்ளி தேவைப்பட்டால் நாங்கள் தயார். ஸ்டாஃப் ரூம் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன். சோவியத் வரைபடம் இப்போதைக்கு அங்கேதான் சுருட்டி இருக்கிறது, அதையும் பெட்டிக்குள் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை