வாட்ச் கம்பனிகளுக்கு: இந்தச் செயினை ஒருதரம் நீங்களே பூட்டிப் பாருங்கள்

ஜப்பானிலும் சுவிட்சர்லாந்திலும் சீனாவிலும் இருந்து கைமணிக்கூடு வடிவமைக்கும் அன்பர்களுக்கு,

கொழும்பிலிருந்து வணக்கம். உங்கள் மணிக்கூடு நேரம் காட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்கூட மாதத்துக்கு 15 வினாடிதான் முன்பின் போகும் என்கிறீர்கள், அப்படியே போகிறது. அந்த நேரத்துக்கு வந்து சேராத பஸ்ஸை நான் தனியாகத் திட்டிக்கொள்கிறேன். என் வழக்கு அதைக் கையில் பிடித்து வைத்திருக்கும் உலோகச் செயினோடுதான். இன்னும் சரியாகச் சொன்னால், கழற்றிய செயினைத் திரும்பப் பூட்டுகிற வேலையோடு.

ஏன் கழற்றினாய் என்று கேட்பீர்கள். ஏசி போட்ட அறையில் இருந்து வரைந்தால் அந்தக் கேள்வி வரும்தான். வெள்ளவத்தையில் ஏறி, காலி வீதி முழுக்க நின்றுகொண்டே கோட்டைக்குப் போகிறவனின் மணிக்கட்டைப் பாருங்கள். வியர்வை, தோல் அழுக்கு, சவர்க்காரம், அதோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்து கண்ணிகளின் இடுக்கில் குடியேறி, கொஞ்ச நாளில் கறுப்புப் பசையாகிவிடும். வெள்ளைச் சட்டையின் கைப்பட்டியில் கோடு விழும், கிட்டப் போனால் மணக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் நடுக்கண்ணிகள் சுத்தமாகிவிடும். ஆனால் செயினின் முனைக்கண்ணி வாட்சின் உடம்போடு ஒட்டி உட்காரும் இடம் இருக்கிறதே, அங்கே பிரஷ் போகாது. ஊத்தை அதிகம் தேங்குவது அங்கேதான். செயினுக்கு நீங்கள் போடும் 316எல் ரக எஃகு எளிதில் துருப்பிடிக்காது என்பது சரி. செயினை வாட்சோடு பிடித்து வைக்க உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் பின்னுக்கு அந்தக் கொடுப்பினை எப்போதும் இருப்பதில்லை. அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போய் ஒருநாள் முறிந்தால் வாட்ச் தரையில்தான். ஆகவே இந்த ஊரில் செயினைக் கழற்றுவது அழகு பார்க்கிற வேலையல்ல, பராமரிப்பு.

கழற்றுவதற்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கவைபோல் பிரிந்த நுனியுள்ள சின்னக் கருவியைப் பின்புறமாக விட்டு, பின்னின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தால் கையோடு வந்துவிடும். வில்லங்கம் திரும்பிப் போகும்போதுதான். பின்னின் இரண்டு நுனியும் ஸ்பிரிங்கில் நிற்பவை. வாட்சின் காதுகளில், அதாவது செயின் பூட்ட உடம்பிலிருந்து நீளும் கொம்புகளில், அவை போய் விழ வேண்டிய குழிகள் உள்பக்கம் மட்டுமே இருக்கின்றன, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முனைக்கண்ணி திடமான எஃகு, காதுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளிதான் விட்டிருக்கிறீர்கள். ஒரு நுனியைக் குழியில் வைத்து, மற்ற நுனியை அழுத்திப் பிடித்து, கண்ணியை வளைவோடு உள்ளே சறுக்க வேண்டும். இரண்டு கோழியை ஒரே கூட்டில் அடைக்கிற கதைதான்: ஒன்று உள்ளே போகும்போது மற்றது வெளியே வந்து நிற்கும். திடீரென்று ‘டிங்’ என்றொரு சத்தம். அந்தப் பின்னோ அலுமாரிக்கு அடியில். அதைக்கூடப் பொறுக்கலாம். வழுக்கிய கருவி காதின் மினுக்கிய பக்கத்தில் இழுத்துவிட்டுப் போகும் கீறலை எதை வைத்து அழிப்பது?

இதற்கென்று நாங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வைத்தியங்களை நீங்கள் பார்த்தால் வெட்கப்படுவீர்கள். காதுகளைச் சுற்றி டேப் ஒட்டுவது, மேசையில் துவாய் விரிப்பது, ஒளி ஊடுருவும் ஷொப்பிங் பைக்குள் வாட்சையும் இரண்டு கையையும் விட்டு வேலை செய்வது, பின் பறந்தாலும் பைக்குள்ளேயே கிடக்கட்டும் என்று. பல்லாயிரம் ரூபா கொடுத்து வாங்கிய பொருளைப் பராமரிக்கப் பைக்குள் கைவிட வேண்டியிருக்கிறது.

புறக்கோட்டையில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட வாட்ச் திருத்தும் நானா ஒருவர் இருக்கிறார். கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு, அக்கம்பக்கத்து இரைச்சல் எதுவும் காதில் விழாதவர்போல் குனிந்திருப்பார். என் செயினை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “இதச் செஞ்சவன் ஒருக்காவும் திரும்பப் பூட்டிப் பாக்கல்ல தம்பி.” சொல்லிக்கொண்டே பூட்டித் தந்துவிட்டார், அது அவர் கைத்திறமை. ஆனால் அவர் கையில் இருக்கிற திறமையை நம்பி நீங்கள் வடிவமைப்பது நியாயமா? உங்கள் கையேடும் எத்தனையோ மொழியில் இதைத்தான் சொல்கிறது: அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் கொண்டுபோங்கள். அப்படியொரு இடத்துக்கும் போயிருக்கிறேன். சோபாவில் இருத்தி, குளிர்ந்த தண்ணீர் தந்து, காதின் உள்பக்கத்தில் புதிதாக இரண்டு கீறலோடு திருப்பித் தந்தார்கள். அது முதலே இருந்தது என்றும் சொன்னார்கள்.

கடலுக்குள் மூழ்கிப் போகிறவர்கள் கட்டும் வாட்ச்களுக்கு ஐஎஸ்ஓ 6425 என்றொரு தரநிர்ணயம் வைத்திருக்கிறீர்கள். செயின் பூட்டும் இடம் 200 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்கிறது அது. ஏறக்குறைய இருபது கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. நல்லது, அது தேவைதான். கழன்று போகக் கூடாது என்பதற்கு இவ்வளவு கணக்குப் பார்த்தவர்கள், கழற்றினால் திரும்பப் போக வேண்டும் என்பதற்கும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். 200 மீட்டர் ஆழம் வரை போகும் வாட்சைக் கட்டிக்கொண்டு கொழும்பில் பெரும்பாலானோர் இறங்குகிற ஆழம் மழைக்காலத்து வீதி வெள்ளம்தான். செயினைக் கழுவ வேண்டிய தேவை அத்தனை பேருக்கும் இருக்கிறது.

வழி தெரியாமல் நீங்கள் திண்டாடுவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. காதின் வெளிப்புறம் வரை துளையை நீட்டினால் போதும். வெளியிலிருந்து மெல்லிய கம்பியால் பின்னின் நுனியை அழுத்தலாம், கீறல் பயமில்லை, பூட்டும்போது நுனி குழியில் விழுந்ததா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ரோலெக்ஸ் கம்பனி சப்மெரினர் என்ற தன் வாட்சில் பல தசாப்தங்களாக இப்படித்தான் துளை விட்டிருந்தது, 2000களின் தொடக்கத்தில்தான் அடைத்தது. பக்கவாட்டில் துளை தெரிந்தால் அழகு கெடுகிறது என்பார்கள். எனக்கென்றால் கீறல்தான் அழகைக் கெடுக்கிறது. துளை வேண்டாம் என்றால் கண்ணியின் அடியில் விரலால் இழுக்கும் சின்னக் குமிழ் வைத்த பின் இருக்கிறது. இணையத்தில் விற்கும் மலிவுச் செயின்களில்கூட அதைப் போட்டு அனுப்புகிறார்கள். வாட்சோடு வரும் உங்கள் செயினில் மட்டும் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது?

கண்ணிகளைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் இன்னொரு சங்கதி. சில செயின்களில் பின் ஒன்று, அது இறுகிப் பிடிக்கச் சில மில்லிமீட்டர் நீளக் குழாய் ஒன்று, இரண்டும் தனித்தனி. பின்னைத் தட்டி எடுக்கும்போது அந்தக் குழாய் சத்தமில்லாமல் நழுவி விழும். விழுந்தது தெரியாமல் பின்னை மட்டும் திரும்பச் செருகினால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பிடிமானம் இல்லாத பின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, கூட்டத்தில் ஏதோ ஒரு நேரம் வாட்ச் கையைவிட்டு இறங்கிப் போகும். கண்ணியின் உள்பக்கத்தில் அம்புக்குறி போடுகிறீர்கள், கழற்ற வேண்டிய திசை அது. குழாய் ஒன்று உள்ளே இருக்கிறது, கவனம் என்று சொல்ல ஓர் அடையாளமும் போடுவதில்லை. திருகாணி வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. விலை கூடும் என்பீர்கள். கூடட்டும், தருகிறோம்.

வாட்ச் இறுக்கம் பற்றியும் சுருக்கமாக. காலையில் தளர்வாக ஆடும் செயின், மத்தியான வெயிலில் கை வீங்கித் தடம் பதிக்கிறது. பழைய பூட்டுகளின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும், பல்குத்தும் குச்சியால் அழுத்தி ஒரு துளை தள்ளிவிடலாம். இப்போது இரண்டு பக்கமும் விரியும் மெல்லிய பூட்டை நாகரிகம் என்று வைத்து, அந்தத் துளைகளையும் எடுத்துவிட்டீர்கள். அரைக்கண்ணி வேண்டுமா முழுக்கண்ணி வேண்டுமா என்று அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரோலெக்ஸ் செயினில் இருக்கும் ஈசிலிங்க் என்ற நீட்டிப்புக் கண்ணி, எந்தக் கருவியும் இல்லாமலே 5 மில்லிமீட்டர் நீட்டுகிறது. அந்த 5 மில்லிமீட்டர் வெயில் நாட்டுக்காரனுக்குத்தான் அதிகம் தேவை, அந்த விலை கொடுக்க முடியாதவனுக்கும் சேர்த்து.

செலவே இல்லாத ஒன்று: பின்னின் நீளத்தையும் தடிப்பையும் கையேட்டில் அச்சிடுங்கள். காதுகளுக்கு இடையே 20 மில்லிமீட்டர் என்றால் நீளம் தெரிந்துவிடும், தடிப்பு 1.5 மில்லிமீட்டரா 1.8 மில்லிமீட்டரா, நுனி எவ்வளவு என்பது தெரியாமல் நாங்கள் கடை கடையாக முறிந்த பின்னைக் காட்டித் திரிகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு 2024 டிசம்பர் 28 முதல் ஃபோன்களுக்கெல்லாம் ஒரே சார்ஜர் துவாரம் என்று ஆக்கிவிட்டது. பின்னுக்குச் சட்டம் வரும் என்று நான் காத்திருக்கவில்லை, அளவு தெரிந்தால் போதும். பெட்டிக்குள் அதே அளவில் உதிரிப் பின் இரண்டும், வளையாத நுனியுள்ள கருவி ஒன்றும் வைத்துவிடுங்கள். மெத்தையும் உத்தரவாதப் புத்தகமும் பிடித்திருக்கும் இடத்தில் அவை தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
கொழும்பு 6இலிருந்து ஒரு செயின் வாட்ச்க்காரன்