பழைய வண்டியில் டிக் டிக் சத்தமா? கொண்டுவரும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வயதான கார் வைத்திருப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இன்ஜினில் டிக் டிக்னு சத்தம் வருது, பிரிக்க வேண்டி இருக்குமா?" பெரும்பாலும் வேண்டாம். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அப்படி உறுதி சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை உங்கள் கையில் இருக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

சத்தம் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வருகிறதா? அப்படியானால் வண்டியை முந்தின நாள் மாலையே எங்களிடம் விட்டுவிடுங்கள். காலையில் ஓட்டிக்கொண்டு வந்தால், வந்து சேர்வதற்குள் இன்ஜின் சூடாகி சத்தம் அடங்கிவிடும். கேட்காத சத்தத்துக்கு யாராலும் வைத்தியம் பார்க்க முடியாது.

ஆறின இன்ஜினில் வரும் சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது முக்கியம். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் நின்றுவிட்டால், இரவில் கீழே வடிந்த ஆயில் மறுபடி மேலே ஏறும் வரை வந்த சத்தமாக இருக்கலாம். ஆயில் ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ஒரு சின்ன ரப்பர் வால்வு உண்டு. மட்டமான ஃபில்டரில் அது சரியாக மூடாது. நல்ல ஃபில்டர் போட்டதுமே இது சரியான வண்டிகள் உண்டு.

சில நிமிடங்கள் வந்து, சூடாகச் சூடாகக் குறைந்தால், நாங்கள் முதலில் பார்ப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாயை. இணைப்பை அடைக்கும் கேஸ்கட் போயிருந்தாலோ, அதை இறுக்கிப் பிடிக்கும் ஓரத்து ஸ்டட் முறிந்திருந்தாலோ அந்த இடுக்கு வழியாகப் புகை டிக் டிக்கென்று வெளியே அடிக்கும். கேட்பதற்கு அப்படியே டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தம் போலவே இருக்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தமும் போய்விடும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஹெட்டும் (இன்ஜினின் மேல்பகுதி) மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் கரி விசிறி போலப் படிந்திருக்கும். அதைப் பார்க்காமல் டேப்பெட் என்று முடிவுகட்டி ஹெட் கவரைக் கழற்றுவது வீண் வேலை.

வண்டியைக் கொண்டுவரும் முன் ஆயில் அளவை நீங்களே பாருங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். பல வண்டிகளில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வித்தியாசம். ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள இன்ஜின்களில் வால்வு இடைவெளியைச் சரியாக வைத்திருப்பதே ஆயிலின் அழுத்தம்தான். ஆயில் குறைந்து பம்ப் காற்றை இழுத்தால் டேப்பெட் அமுங்கி அடிக்கத் தொடங்கும். குறைகிறதே என்று மேல்கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைத்தாலும் இதே சத்தம்தான் வரும். சத்தத்தோடு சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால் மட்டும் ஓட்டவே வேண்டாம். அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், சத்தத்தின் வேகம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு வால்வின் டிக் நிமிடத்துக்கு 400 முறைதான் வரும். கீழே பேரிங்கில் பிரச்சினை என்றால் கிராங்கின் வேகத்திலேயே அடிக்கும். அது டிக் என்று மெலிதாகவும் இருக்காது. டொக் டொக்கென்று கனமாக, மேடு ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் கூடும். அந்தச் சத்தம் கேட்டால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும், ஓட்டிக்கொண்டு அல்ல. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் பல வண்டிகளில் டேப்பெட் வேகத்திலேயே டிக் டிக்கென்று ஒலிக்கும். அது இயல்பு. பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு டிக் டிக்கென்பதும் இயல்புதான்.

எங்களிடம் வந்ததும் ஸ்டெதஸ்கோப்பை ஹெட் கவர், இன்ஜெக்டர், பம்ப் என்று ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்போம். ஐடிலிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் பிளக்கையும் மாற்றி மாற்றிக் கழற்றிப் பார்ப்போம். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது கனமான சத்தம் குறைகிறதோ, கோளாறு அந்தப் பிஸ்டன் அல்லது ராடு பக்கம். டேப்பெட் சத்தம் இதற்கெல்லாம் அசைந்துகொடுக்காது. ஆயில் அழுத்தத்தைத் தனி கேஜ் மாட்டி அளப்போம். 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்பது ஒரு பொதுக் கணக்கு, கடைசி வார்த்தை அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்துடையது.

ஸ்க்ரூ வைத்து அட்ஜஸ்ட் செய்யும் டேப்பெட் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். "சத்தமே வரக்கூடாது, டைட் பண்ணிடுங்க" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பல வண்டிகளில் இந்த இடைவெளி 0.15 முதல் 0.30 மி.மீ. வரை இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல். வால்வு சூட்டில் நீளும், அதற்கு இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. உட்காரும் நேரத்தில்தான் அது தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது. அது நடக்காவிட்டால் ஓரம் கருகி, கம்ப்ரஷன் போய், கடைசியில் ஹெட்டையே இறக்க வேண்டியதாகிவிடும். லேசாக டிக்கென்று பேசும் வால்வைவிட, டைட்டாகி ஊமையான வால்வுதான் எங்களுக்குக் கவலை. இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நழுவி வரும் அளவில்தான் நாங்கள் விடுவோம், அதற்கு மேல் ஒரு நூல்கூட இறுக்க மாட்டோம்.

சத்தத்தை அமுக்கக் கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கெட்டி ஆயில் ஆறின இன்ஜினில் மேலே ஏறத் தாமதமாகும், தேய்மானம் அதிகம் நடப்பதும் அந்த நேரத்தில்தான். சத்தம் குறையலாம், ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும். டப்பாவில் விற்கும் ஆயில் மருந்துகளையும் காரணம் தெரிவதற்கு முன் ஊற்ற வேண்டாம்.

வண்டியை விட வரும்போது, சத்தம் வரும் நேரத்தில் பானட்டைத் திறந்து ஃபோனில் ஒரு நிமிடம் பதிவுசெய்து கொண்டுவாருங்கள். முதலில் ஐடிலிங், பிறகு லேசாக ரேஸ் கொடுத்து. ஃபோனும் கையும் பெல்ட், ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக எந்த கிரேடு ஆயில் ஊற்றினீர்கள் என்ற பில் இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஒர்க்‌ஷாப்